அரைப்பேர்

1962 பெப்ரவரி 12, திங்கள்

விடியும்போதே நல்ல பனி. நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் தொட்டில் துணியெல்லாம் ஈரமாகவே கிடந்தது. காயவைக்க வெயில் வந்தால்தானே. கொழுந்தெடுக்கப் போகிற அவசரத்தில் தாய்மார் பிள்ளைகளை மூட்டை மாதிரி என் மடியில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். வீரம்மாவின் மகன் நாள் முழுக்க அழுதான். என் சிவப்புச் சேவலைக் காட்டித்தான் அடக்கினேன். அந்தச் சேவலுக்கு இந்த லயத்தில் நிகர் இல்லை. பக்கத்துக் காம்பராக் காளியாயிக்கு அதன்மேல் ஒரு கண்.

இவர் வழக்கம்போல அடுப்பு மூட்டும்போதே பேர் கூப்பிடுகிற பெரட்டைத் தொடங்கிவிட்டார். "வீரய்யா... முத்துலிங்கம்... பழனியாண்டி..." என்று ஒவ்வொரு பேராக, விறகை ஊதிக்கொண்டே. காளிமுத்து வரைக்கும் வருவார். அப்புறம் ஒரு இருமல். அதோடு நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார். அடுத்த பேர் செல்லசாமி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபது வருஷமாக அந்தப் பேரைத் தாண்டியதில்லை. "காலங்காத்தால இதயெல்லாம் ஏங்க சொல்றீங்க, செபத்தச் சொன்னாலும் புண்ணியம்" என்று நானும் கத்தாத நாளில்லை. காதில் ஏறினால்தானே!

பெப்ரவரி 18, ஞாயிறு

இன்றைக்கு நான் செய்ததை எங்கேயாவது சொல்லியாக வேண்டும். வேறு ஆள் இல்லை, இங்கேதான்.

முழங்கால் வலி என்று நான் பூசைக்குப் போகவில்லை. இவர் மட்டும் ஹட்டனுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நல்லமுத்து அண்ணன் வந்து நின்றார். கினிகத்தேனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவர். இவரோடு பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளம் என்றால் துவக்குப் பிடித்த பட்டாளம் இல்லை. திம்புள்ளப் பக்கத் தோட்டங்களில் ஆள் சேர்த்து, காக்கிச் சட்டையை மாட்டிவிட்டு, திருகோணமலை சீனன்குடாவில் ஏரோப்பிளேன் இறங்குகிற தளத்துக்கு மண் வெட்டக் கொண்டுபோன பயனியர் படை. நல்லமுத்து இடது கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

"தங்கச்சி, வர்ற ஏப்ரில் ஒம்போதோட ஜப்பான்காரன் குண்டு போட்டு இருபது வருசம். மிச்சமிருக்கிற கெழடு கட்டைங்க எல்லாம் சீனன்குடாவுக்கே போய் நிக்கப் போறோம். கேம்புல கேட்டாச்சு, வேலியோரமா நிக்கலாம்னுட்டாங்க. நான் பஸ் பேசியிருக்கேன். வெள்ளக்கார ராசாவுக்கு மண்ணு வெட்டினோம். இன்னிக்கு பிரஜாவுரிமைக்கு வாசல் வாசலா நிக்கிறோம். நம்மள நாமளாச்சும் நெனைக்கணும்ல?"

"அதுக்கு இவர் எதுக்குங்க?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! சூசைக் கணக்கப்புள்ள இல்லாம பெரட்டு ஏது? அன்னிக்கு மாதிரியே எல்லாரும் வரிசையில நிப்போம். அவருதான் பேரு கூப்பிடணும். செத்தவங்களுக்கு அவங்க சனம் பதில் சொல்லும். கீழ்க்கணக்கு ராக்காயிகூட வருது."

ராக்காயி. செல்லசாமியின் பெண்சாதி. குண்டு விழுந்த செய்தி தோட்டத்துக்கு வந்த அன்றைக்குக் தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கிலிருந்து தலைவிரி கோலமாக ஏறி வந்து, என் வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள். "எம் புருசன வரிசையில நிக்க வச்சுக் கொன்னவன் வீட்டுல வெளக்கு எரியக் கூடாது" என்றாள். அந்த வருஷமே என் வயிற்றில் இருந்தது கலைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

அவள் சொன்னது பொய்யும் இல்லையே. தோட்டத்தில் எப்படியோ அப்படித்தான் சீனன்குடாவிலும் காலைப் பெரட்டு. பேர் கூப்பிடும்போது வரிசையில் நின்றவனுக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம். பிந்தினவனுக்கும் கலைந்து போனவனுக்கும் அரைப்பேர். முந்தின நாளும் ஆபத்துச் சங்கு ஊதியது, ஓடினார்கள், ஒன்றும் வரவில்லை. ஓடினவனுக்கெல்லாம் வெள்ளைக்காரன் அரைப்பேர் போட்டுவிட்டான். மறுநாள் சங்கு ஊதியபோது இவர் சொன்னாராம், "யாரும் கலையாதீங்க, பேரு முடியட்டும்." அவர்களுடைய சம்பளம் போகக் கூடாது என்றுதான். ஒருத்தரும் கலையவில்லை. காளிமுத்து வரைக்கும் கூப்பிட்டிருக்கிறார். அதற்குள் குண்டு விழுந்துவிட்டது.

அந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, ராக்காயி எதிரில் நின்று மண்ணை வாரினால்? இவர் தாங்குவாரா?

"அவருக்கு நெஞ்சு வலி அண்ணே. டாக்டர் அசையக் கூடாதுன்னுட்டார்" என்றேன். வாய் கூசாமல் வந்தது. நல்லமுத்து அண்ணன் கண் கலங்கி, கடையிலிருந்து கொண்டுவந்த மஸ்கட் அல்வாப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் வரும் வழியில் காளியாயி அரையும் குறையுமாகக் கேட்டதைச் சொல்லிவிட்டாள். "சீனன்குடாவுல கூடுறாங்களாமே? நல்லமுத்து எனக்குச் சொல்லத்தான் வந்தானா?" என்று குடையைக்கூட மடக்காமல் கேட்டார். முகத்தில் அப்படி ஒரு ஆசை. நான் பார்த்து எத்தனை காலம்! சும்மா இல்லை என்றால் விடியுமுன் கினிகத்தேனைக்கே போய்க் கேட்பார். அதனால் சொன்னேன்: "ஆமாங்க. ஆனா நீங்க வராம இருந்தா நல்லதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்களாம். அத பக்குவமாச் சொல்லிடச் சொல்லிட்டுப் போனார்."

"நியாயந்தானே" என்றார். சோறு போட்டேன், சாப்பிட்டார். பருப்பில் உப்புப் போட மறந்திருந்தேன். அதைக்கூட அவர் சொல்லவில்லை.

பெப்ரவரி 19, திங்கள்

காலையில் அடுப்பு மூட்டினார். பேர் சொல்லவில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்

இன்றும் இல்லை. இந்தச் சத்தம் நின்றால் போதும் என்று இருபது வருஷம் நேர்ந்துகொண்டேன். இப்போது விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

சவரம் செய்வதில்லை. லயத்து முனைக்குக்கூடப் போவதில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறதாம். நான் சொன்ன பொய்க்கு ஏற்ற நோயாளியாக ஆகிக்கொண்டிருக்கிறார். ஏன் மனுஷா, என்னோட சண்டையாவது போடேன்! "அவங்க யாரு என்ன வரவேணாம்னு சொல்ல"ன்னு ஒரு கத்து கத்தேன்! கத்தமாட்டார். இருபது வருஷமாக எதிர்பார்த்த தீர்ப்பு வந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அதை எழுதிக் கொடுத்த நீதிபதி நான்.

மார்ச் 7, விபூதிப் புதன்

கீழ்க்கணக்குப் பிள்ளைக்காம்பராவுக்குத் தகரம் மாற்றுகிறார்கள் என்று அங்கத்துப் பிள்ளைகளையும் இங்கே அனுப்புகிறார்கள். ராக்காயி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளும் நானும் முகத்துக்கு முகம் பேசியதில்லை. தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு.

"அக்கா, அண்ணனுக்கு நெஞ்சு வலின்னு நல்லமுத்தண்ணே சொன்னாரு. மாரியாயிக்கு நேந்திருக்கேன். அண்ணன் எந்திரிச்சு நடந்து சீனன்குடாவுக்கு வந்துட்டா ஒரு செவத்தச் சேவல்."

பிள்ளையை வாங்கிக்கொண்டேன். "ம்" என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கலாம். அங்கேயே அவள் காலில் விழுந்திருக்கலாம். பால் கலக்க வேண்டும் என்று உள்ளே ஓடிவிட்டேன்.

வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். பங்குச் சுவாமி மனந்திரும்பு என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசினார். துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அதோடு இவர் முகத்தைப் பார்க்க முடியாது.

மார்ச் 17, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னிடம் சொல்லிவிட்டீர்கள். அவரிடம் சொன்னீர்களா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பரிகாரமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தால் ஆகாதா? கஷ்டமானதை எங்கள் தலையிலேயே திருப்பிப் போடுவதற்கா அங்கே உட்கார்ந்திருக்கிறார்?

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேனா? இல்லை. மண்ணை வாரித் தூற்றினால் அது என்மேலும் விழும். அந்தச் சாபத்தை இன்னொரு தரம் என் காதால் கேட்கப் பயந்தேன். அவ்வளவுதான். அதற்கு அவரை விலையாகக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 24, சனி

சொல்ல வாயெடுத்தேன். "என்ன?" என்றார். "கறிக்கு உப்பு போதுமாங்க" என்று கேட்டேன். சீ!

ஏப்ரில் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வந்ததும், சேலை மாற்றாமல், நின்ற நிலையிலேயே. நல்லமுத்து அண்ணன் கூப்பிடத்தான் வந்தார், நான்தான் நெஞ்சு வலி என்று திருப்பி அனுப்பினேன், உங்களை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அத்தனையும் என் வாய்க்கொழுப்பு — ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சமாதானப்படுத்த நீ இப்படியெல்லாம் சொல்ல வேணாம் சுகிர்தம். எனக்குத் தெரியும். அவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?"

நம்பவில்லை. மாதா மேல் ஆணை என்றேன். "சரி சரி, அழாத" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பொய்யை ஒரே பேச்சில் நம்பினார். உண்மையைச் சொன்னால் என் நல்ல மனசுக்கு ஆறுதல் சொல்கிறார். இதைவிடத் தண்டனை உண்டா?

ஏப்ரில் 4, புதன்

ஒன்பதாந் தேதி நெருங்குகிறது. இனி ஒரே ஒருத்தி சொன்னால்தான் நம்புவார்.

வேலை விட்டதும் கீழ்க்கணக்குக்கு இறங்கினேன். ராக்காயி காம்பரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, நீ வந்து சொன்னால்தான் அவர் நம்புவார் என்றேன். முறம் அப்படியே நின்றது.

"ஏன்க்கா?"

"நீ மறுபடி மண்ண வாரிடுவேன்னு பயம்."

முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் கொட்டித் தீர்த்தாள். "புருசன் செத்தவ கையில அன்னிக்கு மண்ணுதான் இருந்துச்சு. வேற என்ன இருந்துச்சு? ஒனக்குப் புள்ள தங்கலன்னு கேட்டப்பல்லாம் எங் கையத்தான் பாத்துக்கிட்டேன். மாரியாயிகிட்ட போய் அழுவேன், ஏந் தாயி எம் பேச்சக் கேட்டேன்னு. இருபது வருசமா இதே தோட்டத்துல இருக்கேன். ஒரு வார்த்த வந்து கேட்டியா நீ? இல்லாத வலிக்கு நேந்துக்கிட்டு நான் ஒரு பைத்தியக்காரி!"

நானும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மேட்டில் ஏறி வந்தேன். வருவேன் என்றும் அவள் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரில் 5, வியாழன்

வந்தாள். அன்றைக்குத் தூற்றிய அதே வாசலில் நின்றாள். இவர் அவளைக் கண்டதும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அக்கா பொய் சொன்னதும் நெசம், இப்ப சொன்னதும் நெசம். ஒங்கள யாரும் வேணாங்கல. கூப்பிடச் சொன்னதே நாந்தான்."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா..."

"மூஞ்சி கெடக்குது. காளிமுத்தோட நிறுத்திட்டீங்கன்னு நல்லமுத்தண்ணே சொல்லிருக்காரு. அடுத்தது எங்க ஆளு. பேரு கூப்பிடாம எங்க ஆளு வரிசைய விட்டுப் போகமாட்டாண்ணே, ஒங்களுக்கே தெரியும். இன்னும் அங்கனதான் நிக்கிறான். வந்து விட்ட எடத்துல இருந்து கூப்பிட்டு அவன அனுப்பி விடுங்க."

இவர் அழுததை என் கல்யாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நான் உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் போன பிறகு இவர் திரும்பி என்னைப் பார்த்தார். தோளைத் தட்டிக்கொடுத்த பார்வை இல்லை. இப்போது நம்பிவிட்டார்.

ஏப்ரில் 8, ஞாயிறு

சவரம் செய்துகொண்டார். பெட்டியிலிருந்து காக்கித் தொப்பியை எடுத்துத் துடைத்தார். நான் நல்ல சேலையை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்தார்.

"நீ இரு" என்றார்.

மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. வழிக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டார். அதுவே பெரிது.

ஏப்ரில் 9, திங்கள்

தோட்டத்தில் கொம்பு ஊதினார்கள். பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பேர் கூப்பிடுகிற சத்தம் பிள்ளைக்காம்பரா வரைக்கும் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு ஒவ்வொரு பேருக்கும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இந்நேரம் அங்கேயும் — முடிந்திருக்குமா? நின்றாரா, விழுந்தாரா? ஆண்டவரே, அவர் நெஞ்சுக்கு நிஜமாகவே ஏதாவது வந்தால் என்னை எடுத்துக்கொள்ளும்.

ராக்காயியின் பேத்தி என் மடியிலேயே தூங்கியது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

ஏப்ரில் 10, செவ்வாய்

இருட்டுமுன் வந்து சேர்ந்தார். காலில் சீனன்குடாச் செம்மண். "வெந்நி வை" என்றார். குளித்துவிட்டுப் படுத்துவிட்டார். நானாகக் கேட்கவில்லை.

ஏப்ரில் 11, புதன்

ராக்காயி பேத்தியை விட வந்தவள், கொழுந்து மலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து சொன்னாள். நான் கேட்காமலே.

"வெயிலுன்னா வெயிலு, அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் புல்லு மொளச்சுக் கெடக்கு, குண்டு விழுந்த எடம்னு நம்ப முடியாது. கெழவனுங்க எல்லாம் கோல ஊனிக்கிட்டு வரிசையில நின்னானுங்க. எடையில எடையில எடம் விட்டு நின்னாங்க, போனவங்களுக்கு. அந்த எடத்துல நாங்க பொம்பளைங்களும் புள்ளைங்களும் போய் நின்னோம். அண்ணன் தொப்பியப் போட்டுக்கிட்டு எதிர நின்னாரு. வீரய்யான்னாரு, அவரு மவன் 'இருக்கேங்க'ன்னான். அப்படியே வந்துச்சு. காளிமுத்து. அப்புறம் இருமினாரு பாரு, எனக்கு உசிரு போயிருச்சு. நல்லமுத்தண்ணே அந்த ஒத்தக் கைய வச்சுக் கும்பிடப் பாக்குறாரு. நான் சத்தமாச் சொன்னேன், 'பேரு முடியட்டும்ணே'ன்னு."

அன்றைக்கு இவர் சொன்ன அதே சொல்!

"அப்பதான் வாயத் தொறந்தாரு. 'செல்லசாமி'. தளம் முழுக்கக் கேட்டிருக்கும். 'இருக்கேங்க'ன்னேன். கடைசிப் பேரு வரைக்கும் கூப்பிட்டாரு. 'எல்லாருக்கும் முழுப்பேரு, கலையலாம்'னாரு. கெழவனுங்க தேம்பித் தேம்பி அழுவுறானுங்க, ஒருத்தனும் கலையல. நல்லமுத்தண்ணே அதட்டித்தான் பஸ்ஸுல ஏத்தினாரு."

பேசி முடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு பிடி மண். "வாரிக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல வச்சு வெளக்கேத்தப் போறேன்" என்றாள்.

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "ஒன்ன மன்னிச்சேன்னு நான் சொல்லல, அக்கா. இன்னும் வரல எனக்கு. ஆனா மாரியாயிக்கு நேந்தது நேந்ததுதான். அண்ணன் எந்திரிச்சு நடந்து வந்துட்டாருல்ல. சேவலு ஓங் கூட்டுலருந்துதான் வரணும்."

ஏப்ரில் 13, வெள்ளி

சேவலை நானே பிடித்து, நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நோன்பிருக்கிற தபசு காலத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், மாரியம்மனுக்குச் சேவல் கொடுத்த வேதக்காரி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சுவாமியிடம் இதையும் சொல்ல வேண்டுமா? சொல்லமாட்டேன். காளியாயி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அடுப்பு மூட்டுகிறார், தேத்தண்ணி ஊற்றி என் பக்கத்தில் வைக்கிறார். பேச்சு மட்டும் இல்லை.

ஏப்ரில் 22, உயிர்த்த ஞாயிறு

இருவரும் பூசைக்குப் போனோம். ஒரே குடையில். பேசவில்லை.

ஏப்ரில் 26, வியாழன்

எழுப்பச் சேவல் இல்லை. கண் விழித்தபோது விறகு பற்றுகிற வாசம். கூடவே இவர் குரல்.

"வீரய்யா... முத்துலிங்கம்... பழனியாண்டி..."

அசையாமல் படுத்திருந்தேன். காளிமுத்து வந்தது. இருமல் வரவில்லை. "செல்லசாமி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். அப்புறம் நான் இதுவரை கேட்டேயிராத பேர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அவர்களெல்லாம் இத்தனை வருஷம் செல்லசாமிக்குப் பின்னால் காத்து நின்றிருக்கிறார்கள். கடைசிப் பேரும் முடிந்தது. கேத்தலை இறக்கி வைத்தார்.

"சுகிர்தம்."

எழுந்து உட்கார்ந்தேன். "இருக்கேங்க" என்றேன்.

"பிந்தி வந்திருக்க. அரைப்பேருதான்."

"சரிங்க" என்றேன். முழுப்பேர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.